வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு ஹீட்டர் ராடை வைத்து முழுமையான வழிகாட்டி

வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடின் பிளக் அருகே "230 வோல்ட், 1500 வாட்" என்று அச்சிட்டிருக்கும். அந்த 1500 வாட் எப்போது கிடைக்கும்? போர்டில் சரியாக 230 வோல்ட் வந்தால் மட்டும்தான். மாலையில் வோல்டேஜ் 195க்கு இறங்கும் தெருவில் அதே ராடு 1100 வாட்கூடத் தருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ள இரண்டு அளவீடும் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும். பத்தாம் வகுப்பில் ஓம் விதி படித்தவர்கள் பலர் அதை வினாத்தாளோடு விட்டுவிட்டார்கள். வீட்டில் பிளக் உருகுவதற்கும், குண்டு பல்பு ஸ்விட்ச் போட்ட நொடியில் ஃபியூஸ் போவதற்கும், எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாவதற்கும் காரணம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தேவைப்படும் சூத்திரங்கள் நான்கு:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
மின்திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்
மின்திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்
மின்திறன் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

முதல் இரண்டை நினைவில் வைத்தால் போதும். இரண்டாவதில் வோல்ட்டுக்குப் பதில் "ஆம்பியர் × ஓம்" என்று போட்டால் மூன்றாவது வரும். ஆம்பியருக்குப் பதில் "வோல்ட் ÷ ஓம்" என்று போட்டால் நான்காவது வரும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் முதல் சூத்திரத்தின் அடிப்படையை 1827இல் நூலாக வெளியிட்டார். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் ஏற்ப இருக்கும் என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841இல் வெளியிட்டார்.

படி 1: இரண்டையும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள்

ஓம் தன் ஆய்வைத் தொடங்கியபோது அவரிடம் இருந்த மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அதனால் அவற்றை விட்டுவிட்டு, ஒரு முனை பனிக்கட்டியிலும் மறுமுனை கொதிநீரிலும் இருக்கும் வெப்பமின் இரட்டைக்கு, அதாவது இரு முனைகளின் வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணைக்கு, மாறினார். அதன் பிறகுதான் எண்கள் ஒழுங்காக வந்தன. நம் வீட்டு லைனிலும் வோல்டேஜ் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. எனவே காலையில் பார்த்த வோல்ட்டையும் மாலையில் பார்த்த ஆம்பியரையும் வைத்து வகுத்தால் வரும் விடைக்குப் பொருளே கிடையாது. ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது செருகியிருக்கும் அதே போர்டில், இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

வோல்ட் பார்க்க மல்டிமீட்டரை ஏ.சி வோல்ட் நிலையில், 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு ஒயர் பொதுத் துளையில், சிவப்பு ஒயர் வோல்ட் துளையில். இதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் இருக்கும்போது புரோபை போர்டில் வைத்தால் அது நேராக ஷார்ட் சர்க்யூட். புரோபின் விளிம்புத் தடுப்புக்குப் பின்னால்தான் விரல் இருக்க வேண்டும்.

ஆம்பியர் பார்க்க, ஒயரை வெளியிலிருந்து தாடையால் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்துங்கள். மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து 230 வோல்ட் லைனின் ஆம்பியரை அளப்பது வீட்டில் செய்யும் வேலையல்ல. கிளாம்ப் வைப்பதில் எல்லோரும் முதலில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ராடின் முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் சுழியம் காட்டும். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடுகின்றன. ஒரே ஒரு ஒயரைத்தான் கவ்வ வேண்டும். இதற்கென்றே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மூன்று தனித்தனி நீளம் வாங்கி, ஒரு பக்கம் 16 ஆம்பியர் பிளக் டாப், மறுபக்கம் 16 ஆம்பியர் சாக்கெட் என்று ஒரு சோதனை எக்ஸ்டென்ஷன் செய்து வைத்துக்கொள்ளலாம். ஒயர்கள் தனித்தனியாக இருப்பதால் எதையும் வெட்டாமல் பேஸ் ஒயரை மட்டும் கவ்விவிடலாம். இதை நீங்களே மாட்டத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

மின்னோட்டம் சிறியதாக இருந்தால், எடுத்துக்காட்டாக மின்விசிறி, ஒயரைக் கிளாம்பின் தாடைக்குள் ஐந்து சுற்று சுற்றி, வரும் எண்ணை ஐந்தால் வகுங்கள். மீட்டர் 1.5 காட்டினால் உண்மையில் ஓடுவது 0.3 ஆம்பியர்.

நம் ராடில் கிடைத்த அளவீடு இது என்று வைத்துக்கொள்வோம்: 226 வோல்ட், 6.4 ஆம்பியர்.

படி 2: தடை

226 ÷ 6.4 = 35.3 ஓம்.

கால்குலேட்டர் 35.3125 என்று காட்டும். அதை அப்படியே எழுதாதீர்கள். கிளாம்ப் மீட்டர் 6.4 என்று காட்டும்போது உண்மை அளவு 6.35க்கும் 6.45க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அதை வைத்துப் பார்த்தாலே தடை 35.0 முதல் 35.6 வரை நகர்கிறது. மீட்டரின் சொந்தப் பிழை இதற்கு மேல். ஆகவே "சுமார் 35 ஓம்" என்பதுதான் நேர்மையான விடை. தொடர்ந்து கணக்குப் போடும்போது மட்டும் ஒரு தசம இடம் வைத்துக்கொள்ளலாம்.

லேபிளிலிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். 230 × 230 ÷ 1500 = 35.3. அளந்ததும் அச்சிட்டதும் பொருந்துகின்றன, ராடு நல்ல நிலையில் இருக்கிறது.

மூன்றாவது சரிபார்ப்பு, பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரின் ஓம் நிலையில், பெரிய எர்த் பின்னை விட்டு மற்ற இரண்டு பின்களுக்கு இடையே நேராக அளப்பது. மின் இணைப்பில் இருக்கும் பொருளை ஓம் நிலையில் ஒருபோதும் தொடாதீர்கள். முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை, கழித்துவிட வேண்டும். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் அதிகம் மாறாது. அதனால் குளிர்ந்த நிலையில் அளந்தாலும் ஏறக்குறைய அதே 35 வரும்.

மீட்டரைக் கையில் எடுத்ததே எடுத்தீர்கள், ராடின் உலோகக் குழாய்க்கும் அந்த இரண்டு பின்களுக்கும் இடையே ஒருமுறை ஓம் பாருங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. சில ஆயிரம் ஓம் காட்டினாலும் அந்த ராடைத் தூக்கிப் போடுங்கள். எதுவும் காட்டாவிட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. மல்டிமீட்டர் சில வோல்ட் கொடுத்துத்தான் பார்க்கிறது, 500 வோல்ட் கொடுத்துப் பார்க்க மெக்கர் என்ற கருவி வேண்டும்.

இங்கே இன்னொரு வகுத்தலையும் போட்டுவிடுவோம். நனைந்த கையோடு தொடும் ஒருவரின் உடல் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். ஆம்பியர் எல்லை மீறினால் லைனைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது டிரிப் ஆகாது. உயிருக்கோ இது தாராளமாகப் போதும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பியை வீட்டில் மாட்டச் சொல்வது இதனால்தான். 230 ÷ 0.03 = ஏறத்தாழ 7700 ஓம். அதைவிடக் குறைந்த தடையுள்ள எந்த வழியாக 230 வோல்ட் பூமிக்குப் போனாலும் ஆர்.சி.சி.பி துண்டித்துவிடும். ஹீட்டர் ராடு பயன்படுத்தும் வீட்டில் ஆர்.சி.சி.பி இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான்.

படி 3: வாட்

226 × 6.4 = 1446 வாட்.

விடையை மூன்றாவது சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 6.4 × 6.4 × 35.3 = 1446. இரண்டும் ஒத்துப்போனால் பெருக்கலில் பிழையில்லை என்று பொருள்.

படி 4: வோல்டேஜ் மாறினால் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?

கணக்குத் தெரிந்தவர்களும் தடுமாறும் இடம் இதுதான். மாலையில் 195 வோல்ட் வருகிறது. லேபிளில் 1500 வாட் இருக்கிறது என்று 1500 ÷ 195 = 7.7 ஆம்பியர் என எழுதிவிடுகிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் அதிக மின்னோட்டம் இழுக்கும் என்ற தவறான எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. ஹீட்டரில் நிலையாக நிற்பது வாட் கிடையாது, தடைதான். எனவே புது வோல்டேஜை எப்போதும் தடையால் வகுக்க வேண்டும்.

195 ÷ 35.3 = 5.52 ஆம்பியர்
195 × 5.52 = 1076 வாட்

வோல்டேஜ் 226இலிருந்து 195க்கு இறங்கியது சுமார் 14 சதவீதம். வாட் இறங்கியதோ சுமார் 26 சதவீதம். வோல்ட் குறைந்ததால் ஆம்பியரும் குறைந்தது. இரண்டும் பெருகும்போது இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நான்காவது சூத்திரத்தில் வோல்ட் இரண்டு முறை வருவதன் பொருள் இதுவே.

வாளியில் 15 லிட்டர் தண்ணீர், 26 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற வேண்டும். ஒரு லிட்டர் ஒரு டிகிரி ஏற சுமார் 4186 ஜூல் தேவை. 15 × 19 × 4186 = 11,93,010 ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 1446 வாட்டில் இதற்கு 825 விநாடி, அதாவது 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1076 வாட்டில் 1109 விநாடி, பதினெட்டரை நிமிடம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் என்பதால் இரண்டு முறையும் செலவாவது 0.33 யூனிட்தான். லோ வோல்டேஜில் வெந்நீர் வைத்தால் பில் குறையும் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் அதிக நேரம் ஆறிக்கொண்டே சூடாவதால் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

படி 5: ஒயரும் பிளக்கும் எடுத்துக்கொள்ளும் பங்கு

ராடைப் போடுவதற்கு முன் அதே போர்டில் 231 வோல்ட் இருந்தது, போட்டதும் 226 ஆனது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 வோல்ட் எங்கே போனது? தெருக் கம்பியிலிருந்து உங்கள் போர்டு வரையிலான ஒயர்களில் விழுந்தது. அதன் தடையையும் இப்போது நீங்களே சொல்லிவிடலாம்: 5 ÷ 6.4 = 0.78 ஓம். அங்கே வெப்பமாக வீணாவது 5 × 6.4 = 32 வாட். நீண்ட கம்பி முழுக்க 32 வாட் பரவினால் கவலையில்லை. அது ஒரே இடத்தில் குவிந்தால்தான் ஆபத்து.

அப்படிக் குவியும் இடம் பிளக் பாயிண்ட். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, பின்னைச் சரியாகப் பிடிக்காமல், அந்தத் தொடுமுனையில் 0.6 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று கொள்ளுங்கள். மொத்தத் தடை 35.9 ஓம் ஆகிறது. மின்னோட்டம் 6.4இலிருந்து 6.3க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். ராடு வேலை செய்கிறது, தண்ணீர் சுடுகிறது, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ஆனால் அந்தத் தொடுமுனையில்:

6.3 × 6.3 × 0.6 = 23.8 வாட்.

ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி வைத்ததற்குச் சமம் இது. முதலில் பின்னைச் சுற்றி மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு மீன் நாற்றம் போல ஒரு வாடை வரும். சூட்டில் தகடு இன்னும் தளர்ந்து, தடை இன்னும் கூடி, வாட் இன்னும் ஏறும். எம்.சி.பி காப்பாற்றாதா என்று கேட்பார்கள். எம்.சி.பிக்குத் தெரிவது ஆம்பியர் மட்டும், இங்கே ஆம்பியர் கூடவே இல்லையே! எனவே ராடைக் கழற்றியதும் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் அன்றே சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் தீர்த்துவைக்கிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லை 6 × 230 = 1380 வாட். 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். மூன்று பெரிய பின்னைச் சின்னதாக்கும் கன்வெர்ட்டரை மாட்டி அதில் செருகுவது கூடவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்தான் அதற்கு இடம்.

சூடானால் தடை மாறும் பொருட்கள்

ஹீட்டரில் தடை நிலையாக நின்றது அந்தக் கம்பியின் தயவு. எல்லாப் பொருளும் அப்படி இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு கிடைத்தால் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், 60 முதல் 70 ஓம் வரை காட்டும். அதை நான்காவது சூத்திரத்தில் போட்டால் 230 × 230 ÷ 65 = 814 வாட் என்று வரும். பல்பும் சரி, மீட்டரும் சரி, இரண்டிலும் பழுதில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி அளவுக்குச் சூடாகி, தடை 230 × 230 ÷ 60 = 882 ஓமுக்கு ஏறிவிடுகிறது. ஆக, ஸ்விட்ச் போட்ட கணத்தில், இழை குளிர்ந்திருக்கும்போது, 230 ÷ 65 = 3.5 ஆம்பியர் பாயலாம். எரிந்துகொண்டிருக்கும்போது ஓடுவதோ 0.26 ஆம்பியர். ஸ்விட்ச் போட்டதும் பளிச்சென்று மின்னி பல்பு ஃபியூஸ் போவது இந்தக் கணத்தில்தான். படி 1இல் ஓட விட்டு அளக்கச் சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சிறிய அலகுகள்: எல்.இ.டிக்கு ரெசிஸ்டர்

12 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி எரிய வேண்டும். எல்.இ.டி தனக்குச் சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியர் போதும். ரெசிஸ்டரின் மேல் விழுவது மிச்சமுள்ள 10 வோல்ட் மட்டும். இங்கே 12ஐ வைத்து வகுப்பது ஒரு தவறு, 20ஐ அப்படியே போட்டு 0.5 ஓம் என்று எழுதுவது மற்றொன்று. மில்லி ஆம்பியரை முதலில் 1000ஆல் வகுத்து ஆம்பியராக்குங்கள்: 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் எளிதாகக் கிடைக்கும் அடுத்த பெரிய மதிப்பு 560 ஓம். பச்சை, நீலம், பழுப்பு என்று வளையம் இருக்கும். அதைப் போட்டால் 10 ÷ 560 = 0.018 ஆம்பியர் ஓடும், வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. ரெசிஸ்டர் தாங்க வேண்டியது 10 × 0.018 = 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

மோட்டாரில் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

கிணற்று மோட்டார், மின்விசிறி, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவதைத் தடை என்று சொல்லக் கூடாது. ஒரு எச்.பி மோட்டாரில் 228 வோல்ட், 6.6 ஆம்பியர் என்றால் வகுத்தல் 34.5 தருகிறது. பிளக்கைக் கழற்றி ஓம் பார்த்தால் சில ஓம்தான் காட்டும். மீதி எதிர்ப்பைத் தருவது காயிலின் காந்தப்புலமும் சுழலும் ரோட்டரும். தண்ணீரில் கல்லோ நூலோ சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றுபோனால் அந்த எதிர்ப்பின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆம்பியர் பல மடங்கு எகிறி, காயில் கருகுகிறது.

வாட்டுக்கும் இதே சிக்கல். 228 × 6.6 = 1505, ஆனால் அது வோல்ட்-ஆம்பியர் மட்டுமே. ஏ.சியில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே கணத்தில் உச்சிக்குப் போகாவிட்டால் உண்மை வாட் அதைவிடக் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதைத் திறன் காரணி என்ற எண் சொல்லும். ஹீட்டருக்கு அது 1 என்பதால்தான் இதுவரை அதைப் பேசவே இல்லை.

உண்மை வாட்டைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். வாசலில் இருக்கும் மின்வாரிய மீட்டரே காட்டிவிடும். அதில் சிவப்பு எல்.இ.டி ஒன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு மின்னலுக்கு 36,00,000 ÷ 3200 = 1125 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். ஒரு மின்னலில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அதை எண்ணாமல், அடுத்து வரும் இருபதாவது மின்னலில் நிறுத்துங்கள். 18.5 விநாடி ஆனது என்றால்:

1125 × 20 ÷ 18.5 = 1216 வாட்
திறன் காரணி = 1216 ÷ 1505 = 0.81

ஒரு எச்.பி என்பது 746 வாட். மோட்டார் முழுச் சுமையில் அந்த 746ஐத் தண்டில் தருகிறது என்றால் 746 ÷ 1216, அதாவது 61 சதவீதம் வேலைக்குப் போகிறது, மற்றது வெப்பமாகிறது. சிறிய சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இது வழக்கமான அளவுதான். முதலில் ஹீட்டர் ராடை வைத்து இந்த முறையைப் பழகிக்கொள்ளுங்கள்: 1446 வாட்டுக்கு 20 மின்னல் 15.6 விநாடியில் வர வேண்டும். அது பொருந்திவிட்டால் உங்கள் கிளாம்ப் மீட்டர், வோல்ட் மீட்டர், வாசல் மீட்டர் மூன்றும் ஒரே கணக்கைச் சொல்கின்றன; பிறகு மோட்டாருக்குப் போகலாம்.